வளரி யார் கைக்குத் திரும்பும்?

ஆகஸ்ட் 4, திங்கள்

‘ககனவீரன்’ மூன்றாம் பாகம் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தது. திருட்டுப் பயத்தில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குறுக்கே எங்கள் ஸ்டுடியோ பெயரையும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். பாதிக் காட்சிகளில் பேசுகிறவனின் வாய் மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அது போதும். வெளிநாட்டுக்காரன் வாய் அசையும் நேரத்துக்குள் தமிழைத் திணிப்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. அவன் உதட்டை மூடும் இடத்தில் நானும் மூட வேண்டும், அவன் ‘ஓ’ என்று குவித்தால் நானும் குவிக்க வேண்டும்.

டப்பிங் டைரக்டர் கிருபாகரன் சார் கூடுதலாக ஒரு வேலை கொடுத்தார். “மேடம், நம்ம ஊரு ஃபேன்ஸ் என்ன எதிர்பார்க்குறாங்கன்னு ஒரு பார்வை பாத்து வெச்சிருங்க. இல்லன்னா மீம்ஸ் போட்டே நம்மள வறுத்தெடுத்துருவாங்க.”

அதனால் மத்தியானம் முழுக்க யூடியூப். திருச்சியில் ரிஸ்வானா என்று ஒரு பெண், பகலில் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை ‘வளரிப் படை’ சேனல். பந்திக்குப் பிந்தி வந்தவர்களுக்கும் இலை போடுவதுபோல ஒவ்வொரு வீடியோவிலும் முதலிலிருந்து சொல்கிறாள். ககனவீரனின் ஆயுதம் இடிவளரி. யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம். உரியவன் எறிந்தால் திரும்பிக் கைக்கு வரும், மற்றவன் எறிந்தால் மலைக்கு அந்தப்பக்கம் போய் விழும். அதன்மேல் பொறித்திருப்பதை முதல் பாகத்தில் வீரன் வாசிப்பான்: “எனக்கு உரியவன் கைக்கே நான் திரும்புவேன். யாரையும் கைவிடாதவன் கைக்கே.”

இந்த இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாடே துப்பறிகிறது. யாரையும் கைவிடாதவன் யார்? ககனவீரனே தேற மாட்டான், முதல் காட்சியிலேயே அம்மாவை விட்டுவிட்டுத்தானே கப்பல் ஏறினான் என்று ஒருவர். அம்மாதான் அனுப்பிவைத்தாள், அது கைவிட்டதில் சேராது என்று இன்னொருவர். அவன் குதிரைக்குத்தான் முழுத் தகுதி, ஆனால் குதிரைக்குக் கை கிடையாது என்று மூன்றாமவர். அந்தக் கருத்துக்கு நாலாயிரம் லைக்.

மூலத்தில் அது வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ எறிகத்தி. வளரி என்று பெயர் வைத்தது நான். அதை யாராலும் மறுக்க முடியாது.

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீரனுக்கு இந்தப் பாகத்தில் வயதாகிவிட்டதாம். அதனால் படத்தை வெளியிடும் மும்பை அலுவலகம் புதிதாகக் குரல் சோதனை கேட்கிறது. முதல் இரண்டு பாகத்துக்கும் பேசியவர் திரவியம் அண்ணன். ஞானதிரவியம், நாசரேத்துக்காரர். இன்று வந்து பேசினார். சரியில்லை. “வா, இடியே” என்று கூப்பிடும் இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. மறுபடி எடுத்தோம், மறுபடி பிளந்தது.

வெளியே வந்து வெந்நீர் குடித்தார். “எம்மா கோதை, இன்னைக்குத் தொண்ட சரியில்ல பாத்துக்கோ. தகரத்துல ஆணி இழுத்த மாரி இருக்கு. வெள்ளிக்கிழம வாரேன். அத அனுப்பு. இத அழிச்சிரு, என்ன?”

“சரிண்ணே.”

கீழே டீக்கடையில் ஒரு பையனின் சட்டை முதுகில் ‘யாரையும் கைவிடாதவன்’ என்று அச்சடித்திருந்தது. அண்ணன் என் தோளைத் தட்டிக் காட்டினார். “பாத்தியா, நம்ம வரி நடந்து போவுது.”

நம்ம வரி என்றார். நான் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணன் வந்தார், பேசினார், போனார். மோர்மிளகாய் வறுத்ததில் வீடு முழுக்க இருமல்.

ஆகஸ்ட் 9, சனி

மும்பைக்குக் குரல் சோதனை அனுப்பியாகிவிட்டது. விபின் என்ற புதுப் பையனுடையது ஒன்று, திரவியம் அண்ணனுடையது ஒன்று. அண்ணனுடையதில் செவ்வாய்க்கிழமை எடுத்ததே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். கிருபாகரன் சார் ஊரில் இல்லை, மும்பைக்காரர்களோ மதியத்துக்குள் வேண்டும் என்று குதிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை எடுத்ததில் இன்னும் இரைச்சல் நீக்கவில்லை. அதோடு, உள்ளது உள்ளபடி தெரிவதுதானே நியாயம்? ஒரு நாள் நன்றாக இருந்து ஒரு நாள் காலை வாரிவிடும் குரலை வைத்துக்கொண்டு படம் முழுக்க எப்படி ஓட்டுவது? இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு ஒன்றும் இல்லை.

இவ்வளவு காரணம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வரும் பஸ் தாமதம். ரசம் இரண்டு தடவை சூடு பண்ணினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மும்பை விபினைத் தேர்ந்தெடுத்துவிட்டது. “திரவியம் சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க மேடம், உங்ககூடதான் அவருக்கு ஒட்டுதல்” என்றார் கிருபாகரன் சார். நான் சொல்வதற்குள் அண்ணனே போன் செய்தார். யாரோ சொல்லிவிட்டார்கள்.

“வேற பையன எடுத்துட்டாங்களாமே?”

“ஆமாண்ணே. இன்னைக்கு உங்களக் கூப்பிடணும்னுதான் இருந்தேன்.”

“அதுக்கென்னம்மா.” பின்னால் குக்கர் விசில் கேட்டது. “வெள்ளிக்கிழம எடுத்தததான அனுப்புன?”

“ஆமாண்ணே.”

“நல்லாத்தான் வந்திருந்துச்சுன்னு நெனச்சேன். சரி, அவங்களுக்கே புடிக்கலன்னா நீ என்ன செய்வ. நீ கலங்காத.”

என்னைக் கலங்காதே என்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

கடைசி ரீலை இன்றுதான் திறந்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தில் டேரன் என்ற தோழன், எதிரி துரத்தி வரும்போது கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீரனை வெளியே விட்டுவிட்டு ஓடுவான். ரசிகர்கள் கரித்துக் கொட்டுகிற ஆள். மூன்றாம் பாகத்தில், விழுந்து கிடக்கும் வீரனின் பக்கத்திலிருந்து வளரியை எடுத்து எறிகிறான் அந்த டேரன். அது திரும்பி அவன் கைக்கு வருகிறது!

மூலத்தில் இதில் சிக்கலே இல்லை. அங்கே பொறித்திருப்பது ‘எனக்கு உரியவன் கைக்கே நான் திரும்புவேன்’ என்பது மட்டும்தான். இந்தத் தடவை உரியவன் இவன், அவ்வளவுதான். கைவிடாதவன் என்ற பேச்சு தமிழில் மட்டுமே இருக்கிறது. உலகத்தில் வேறெந்த மொழி ரசிகனுக்கும் இல்லாத தலைவலி நமக்கு. போதாக்குறைக்கு எறிவதற்கு முன் பழைய காட்சி திரும்ப வருகிறது, வீரன் பொறிப்பை வாசிக்கும் அதே காட்சி. யாரையும் கைவிடாதவன் கைக்கே என்று சொல்லி முடிக்கவும், கைவிட்டவன் கையில் வந்து உட்காருகிறது வளரி. தியேட்டரில் சீட்டைக் கிழிப்பார்கள்.

“ஒரு வரி எழுதிச் சரிக்கட்டிருங்க மேடம். உங்களுக்கா தெரியாது?” என்கிறார் கிருபாகரன் சார். டேரன் எறிந்தபிறகு அவன் வாய் கொஞ்சம் அசைகிறது. அதில் ஏதாவது எழுதலாம். என்ன எழுத?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரிஸ்வானாவின் நேரலையில் விருந்தினராகப் பேசினேன். கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் பொதுவாகப் பேசினேன். அவள் சும்மா விடவில்லை.

“மேடம், நாங்க மூலத்துல செக் பண்ணிட்டோம். கைவிடாதவன்ங்கிற வார்த்தையே அங்க இல்ல. அத நீங்களாத்தான் சேத்திருக்கீங்க. அந்த வரி எப்படி வந்துச்சு? பத்திரிகையில சொன்னீங்களே, எங்க ஆளுங்களுக்காக இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை, ராத்திரி நான் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டதை, அந்த நினைப்பில் எழுதியதை. இந்தத் தடவை அம்மாவின் கண்ணாடி வளையலையும் சேர்த்துக்கொண்டேன். ரிஸ்வானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் கும்பிடும் கை எமோஜிகள் ஏறிக்கொண்டே போயின.

ஆஸ்பத்திரி உண்மை. அம்மா கையைப் பிடித்தது உண்மை. வளையல்கூட உண்மை.

ஆகஸ்ட் 30, சனி

மெர்சி அக்கா போன் செய்தார், திரவியம் அண்ணனின் மனைவி. அண்ணனுக்குக் குரல்வளையில் சின்னக் கட்டியாம். பயப்படுகிற மாதிரி இல்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, அதன்பிறகு பயிற்சி செய்தால் குரல் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். அதுவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம்.

“ஆனா ஆபரேஷனுக்கு மாட்டேங்காரு கோதை. இப்படியே விட்டா நிரந்தரமாக் கெட்டுரும்னு டாக்டர் தலபாடா அடிச்சிக்கிடுதாரு. இவரு சிலேட்டுல என்ன எழுதுதாருங்க? ‘நல்லா இருந்த அன்னைக்குப் பேசுனதையே வேண்டாம்னுட்டான். இனி எவனுக்குப் பேச’ன்னு எழுதுதாரு. வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டதுக்கும் வரலன்னுட்டாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு.”

“வரேன்க்கா” என்றேன். வைத்தபிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வெந்தயக்கீரை ஆய உட்கார்ந்தேன். கட்டு முழுக்க ஆய்ந்தேன், தண்டையும் சேர்த்து.

சரி, எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எடுத்ததை அன்று சாயங்காலமே ஹெட்போனில் கேட்டேன். இரைச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விபினைவிட நன்றாக இருந்தது. முதல் பாகத்தைவிடவே நன்றாக இருந்தது. வயதான வீரனுக்கு எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசியிருந்தார். கேட்டுவிட்டுத்தான் மறுநாள் செவ்வாய்க்கிழமை எடுத்ததை அனுப்பினேன்.

அந்த வரியும் என்னுடையது இல்லை. முதல் பாகத்தில் நான் எழுதிக்கொடுத்தது முதல் வாக்கியம் மட்டும்தான். மைக்கில் அதைச் சொல்லி முடித்தபிறகும் திரையில் வீரனின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் அளந்ததில் தப்பு. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தி, “வசனம் பத்தல” என்று என் மானத்தை வாங்கியிருப்பார்கள். அண்ணன் நிறுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே, “யாரையும் கைவிடாதவன் கைக்கே” என்று அவன் வாயை நிரப்பி மூடினார். உதட்டில் அப்படியே ஒட்டியது. வெளியே வந்து, “சரியாம்மா? புடிக்கலன்னா மாத்திரு” என்றார்.

அவருக்கு இது புதிதில்லை. நான் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் நீளநீளமாக எழுதித்தள்ளி, டைரக்டர் பேப்பரைத் தூக்கி எறிந்தபோது, “நாந்தான் சார் மெதுவா வாசிச்சிட்டேன்” என்றவர். பத்திரிகையில் என் படத்தோடு அம்மா கதை வந்த அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். “போட்டோ நல்லா விழுந்திருக்கு” என்றார். சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அன்றிலிருந்து அவர் ஸ்டுடியோ படியேறும் சத்தம் கேட்டாலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவேன். அந்த முகம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றுதான் அனுப்பினேன். அதைத்தான் நியாயம், இரைச்சல் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

போகவில்லை. வேலை.

செப்டம்பர் 3, புதன்

பழைய காட்சி திரும்ப வருவதால் வளரி வரியை விபினின் குரலில் மறுபடி எடுக்க வேண்டும். மூன்றாம் பாகம் முழுக்க ஒரே குரலாக இருக்கட்டும் என்பது மும்பை உத்தரவு. விபின் நல்ல பிள்ளை. செருப்பை வெளியே விட்டு, மைக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பான். உதட்டுக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனாலும் அவனே ஹெட்போனைக் கழற்றினான்.

“மேடம், மத்ததெல்லாம் வந்துருது. இந்த ஒரு வரி மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. அறிவிப்புப் பலகைய வாசிக்கிற மாதிரி இருக்கு. நீங்க எழுதுனவங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன். அதப் பிடிச்சுக்கிறேன்.”

உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும் டாக்பேக் பட்டனை அழுத்தினேன். எழுதிக்கொடுத்த வசனத்தை ஆயிரம் தடவை இப்படிச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். “எனக்கு உரியவன் கைக்கே நான் திரும்புவேன்” வந்தது. “யாரையும்” வந்தது. அதற்குமேல் வரவில்லை. தொண்டையைச் செருமினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விபின் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

“ஏசி ஒத்துக்கல போல மேடம்” என்று அவனே ஒரு காரணமும் கொடுத்தான்.

கிருபாகரன் சார் ஓகே சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே ரிஸ்வானாவின் புது வீடியோவைப் போட்டேன். சும்மா கேட்டுவைக்கத்தான்.

இத்தனை நாள் தப்பாகவே யோசித்துக்கொண்டிருந்தோம் என்று ஆரம்பித்தாள். “வளரி என்ன நம்ம மனசத் தொறந்து பாக்குற ஸ்கேன் மெஷினா? அது ஒரு வளைஞ்ச கட்டை. எறிஞ்ச எடத்துக்குத் திரும்பி வரும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும். எறிஞ்சவன் அங்க நின்னா அவன் கைக்கு வரும். ஓடிட்டான்னா பிடிக்க ஆளில்லாம மலைக்கு அந்தப்பக்கம் போய் விழும். யோசிச்சுப் பாருங்க, அது திரும்பி வர்ற வேகத்துக்கு யாருக்குமே ஓடத்தான் தோணும். மூஞ்சிக்கு நேரா வருது. கொஞ்சம் பிசகுனா தல இருக்காது. அப்பவும் நிக்கிறவன்தான் கைவிடாதவன். முன்னாடி என்ன பண்ணான், யார விட்டுட்டு ஓடுனான்னு வளரி கேக்கவே கேக்காது. அடுத்த வீச்சுக்கு நிக்கிறியா, அதான் கேள்வி.”

கீழே ஒரு ஆள், அப்படியென்றால் டேரன்கூட எறியலாமா, நல்ல ஜோக் என்று எழுதியிருந்தார். “நின்னான்னா எறியலாம் ப்ரோ” என்று பதில் போட்டிருக்கிறாள்.

மடித்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். டேரன் எறிகிறான். வளரி சுழன்று அவன் முகத்துக்கு நேராக வருகிறது. கூட இருப்பவர்கள் தரையில் விழுந்து படுக்கிறார்கள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறான், நகரவில்லை. வாய் அசைகிறது. அளந்தேன். “இந்தத் தடவ ஓட மாட்டேன்.” பொருந்திவிட்டது. என் தலைவலி தீர்ந்தது, படம் தப்பித்துவிடும்.

அரை மணி நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் மெர்சி அக்காவிடமிருந்து போன், “வாரேன்னியே” என்று.

செப்டம்பர் 8, திங்கள்

போனேன். விருகம்பாக்கத்தில் மாடி வீடு. அண்ணன் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இடுப்பில் செருகியிருந்த சிலேட்டை எடுத்தார். ‘காபியா டீயா’ என்று எழுதினார். குழந்தைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட்டு. கப்பலில் ஏறி உலகத்தையே அதட்டிய குரல், பல்பத்தால் காபியா டீயா என்கிறது.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும். போனில் வெள்ளிக்கிழமைப் பதிவை வைத்திருந்தேன், அதைப் போட்டேன். “வா, இடியே” என்ற இடத்தில் மெர்சி அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். வளரி வரியையும் அன்று சோதனைக்காகப் பேசியிருந்தார், அதுவும் ஓடி முடிந்தது.

“அண்ணே, மும்பைக்கு இது போகவே இல்ல. நான் செவ்வாக்கிழமை எடுத்ததத்தான் அனுப்பினேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன். உங்க குரல யாரும் வேணாம்னு சொல்லலண்ணே. அவங்க அதக் கேக்கவே இல்ல. நான் கேக்க விடல.”

அவர் சிலேட்டைக் கீழே வைத்தார்.

“அந்த வரியும் நீங்க சொன்னது. என் அம்மா கதையெல்லாம் பொய். அதுக்கப்புறம் உங்க முகத்தப் பாக்க முடியல. அதான் இப்படிப் பண்ணிட்டேன்.”

மெர்சி அக்காதான் முதலில் பேசினார். “ஏட்டி, உன்னத் தங்கச்சின்னுல்லா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரு மாசமா இந்த மனுசன் சோறு எறங்காமக் கெடக்காரு. நானும் உனக்கே போன் போட்டு, வந்து சொல்லு சொல்லுன்னு கெஞ்சியிருக்கேனே. போயிரு. நான் கை ஓங்குறதுக்குள்ள போயிரு.”

போகலாம் என்றுதான் கால் சொன்னது. நின்றேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, கதவு எந்தப்பக்கம் என்றே ஒரு நிமிடம் தெரியவில்லை.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். என்னைப் பார்க்காமல் பதிவை மறுபடி போட்டார். காதோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். அவர் அழுவதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. மைக்கில் மட்டும் எத்தனையோ தடவை அழுதிருக்கிறார், அது வேறு. சிலேட்டை எடுத்து மெர்சி அக்காவிடம் எழுதிக் காட்டினார். ‘டாக்டர்ட்ட தேதி கேளு.’

எனக்கு ஒன்றும் எழுதவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபி கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது.

செப்டம்பர் 10, புதன்

கிருபாகரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். “பாதிப் படம் டப்பிங் முடிஞ்சிருச்சு மேடம். இனி குரல மாத்தவே முடியாது. உங்கள வெச்சு அடுத்த படம் பண்றதப் பத்தியும் நான் யோசிக்கணும்” என்றார். நியாயம்தான். விபினின் வாய்ப்பைப் பிடுங்குவதும் சரியாகாது, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். பழைய காட்சியில் வரும் வளரி வரிக்கு அண்ணனின் வெள்ளிக்கிழமைப் பதிவை வைக்க வேண்டும், கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் அந்த வரி அவருடையது என்று போட வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த விபினே எழுந்து வந்து, “வைங்க சார், எனக்கு அது ஒட்டவே இல்ல” என்றான். மும்பைக்கு எழுதியிருக்கிறார்கள். பதிவுக்குச் சம்மதம் கேட்டு அண்ணனுக்கு சார் செய்தி அனுப்பினார். ‘சரி’ என்று பதில் வந்தது, சாருக்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரிஸ்வானாவின் நேரலையில் சொன்னேன். அம்மா கதை பொய், அந்த வரியைச் சொன்னவர் ஞானதிரவியம், மைக் முன்னால் நின்றபடி, என் தப்பை மறைப்பதற்காக. “அன்னைக்கு நான் அழுதேன் மேடம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னிச்சிரும்மா என்றேன்.

கருத்துகளில் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். “அப்போ வளரி உங்க கைக்குத் திரும்பாது மேடம்” என்பதற்குத்தான் அதிக லைக். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, “போதும், மூடி வை” என்றார். முழுதும் வாசித்துவிட்டுத்தான் மூடினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணனுக்கு இன்று ஆபரேஷன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

மெர்சி அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மருந்துச் சீட்டோடு கீழே போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் வெந்நீர் பிளாஸ்கை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் தொப்பியில் அண்ணன் வேறு யாரோபோல இருந்தார். என்னைத் தாண்டும்போது தலையைத் திருப்பிப் பார்த்தார். கையில் சிலேட்டு இல்லை. பேசக்கூடாது என்பதால் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். அசைத்து முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பதினெட்டு வருடமாக உதடு பார்த்து எழுதுகிறவள். முதலில் உதடு குவிந்ததைப் பார்த்தேன், கடைசியில் மூடித் திறந்ததைப் பார்த்தேன். “போயிட்டு வாம்மா” பொருந்துகிறது. “போயிரும்மா” என்பதும் பொருந்துகிறது. இரண்டில் எனக்குப் பிடித்ததை அவர் வாயில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். இத்தனை நாள் அதைத்தானே செய்தேன். இந்தத் தடவை நான் எழுதவில்லை. குரல் திரும்பி வந்து அவரே சொல்லட்டும், எதுவாக இருந்தாலும்.

வராந்தாவில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேராக நின்றேன்.